நாற்பது உணவுப் பட்டியலில் இல்லாத முந்திரி

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது மூன்று மாதம். சொந்த ஊர் சேலம். இப்போது பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்ததிலிருந்து மாதம் தவறாமல் சளி, காய்ச்சல். இதுவரை ஒன்பது தடவை வந்துவிட்டது, நான்கு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், ராத்திரியில் இருமல், வாயைத் திறந்துகொண்டு குறட்டை. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான் இருக்கிறது, சொறிந்து ரத்தமே வரும். யாரோ சொல்லி ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட் எடுத்தோம். நாற்பது உணவில் பதினெட்டு பாசிட்டிவ். மொத்த ஐஜிஇ (அலர்ஜியோடு தொடர்புள்ள எதிர்ப்புப் புரதம்) 640. பால், முட்டை, கோதுமை, துவரம்பருப்பு, தக்காளி, வாழைப்பழம் எல்லாவற்றையும் நான்கு மாதமாக நிறுத்திவிட்டோம். 14 கிலோ இருந்தவன் 13 கிலோ ஆகிவிட்டான். எதிர்ப்பு சக்தி சிரப் ஒன்றும், மான்டெலுகாஸ்ட் கலந்த அலர்ஜி சிரப் ஒன்றும் தினமும் கொடுக்கிறோம். சில மாதங்களாக ராத்திரி அலறிக்கொண்டு எழுகிறான், தொட்டதற்கெல்லாம் கோபம். என் கணவர் எனக்குச் சொந்தத் தாய்மாமா. சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி இல்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். எனக்கு மாமியாரும் அம்மாயியும் (அம்மாவின் அம்மா) ஒருவரே. அவர் கண்ணேறு என்று சுற்றிப் போடுகிறார். நவம்பரில் ஓசூரில் ஒரு கல்யாணத்தில் முந்திரி கேக் சாப்பிட்டு, பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, இரண்டு முறை வாந்தி எடுத்தான். அவில் என்ற அலர்ஜி ஊசி போட்டதும் சரியாகிவிட்டது. முந்திரி ரிப்போர்ட்டில் இல்லை, ஆகவே அது பித்தமாகத்தான் இருக்கும் என்கிறார்கள். இவனுக்கு எதிர்ப்பு சக்தி டெஸ்ட் எடுக்க வேண்டுமா? அடுத்த தடுப்பூசியைப் போடலாமா? — வாசகி, பெங்களூரு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது சளியும் இல்லை, 640-உம் இல்லை. கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஓசூர் கல்யாணம். அதை முதலில் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம்.

சாப்பிட்ட பத்து நிமிடத்துக்குள் உதடு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, கூடவே திரும்பத் திரும்ப வாந்தி. தோலும் வயிறும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டிருக்கின்றன. இது பித்தம் இல்லை. அனாஃபிலாக்சிஸ் என்கிற கடுமையான அலர்ஜி வகையில் சேர்த்தே பார்க்க வேண்டிய நிகழ்வு. அன்றைக்கு மூச்சுக்குழாய் இறுகவில்லை, அதிர்ஷ்டம். அடுத்த தடவையும் இதே அளவோடு நின்றுவிடும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. முந்திரி ரிப்போர்ட்டில் இல்லாததற்குக் காரணம் சாதாரணமானது: அந்த லேபின் நாற்பதில் முந்திரியை அவர்கள் சேர்க்கவே இல்லை. தேடாத பொருள் எப்படிக் கிடைக்கும்?

ஆகவே இன்றிலிருந்து முந்திரி கூடாது. பிஸ்தாவும் கூடாது, இரண்டும் ஒரே தாவரக் குடும்பம், ஒன்று ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு மற்றதும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை. நம் சமையலில் முந்திரி முழுசாகத் தெரிவதை விட அரைபட்டு ஒளிந்திருப்பதுதான் அதிகம். குருமா, ஹோட்டல் பனீர் கிரேவி, பாதாம் பால் பவுடர், பேக்கரி பிஸ்கட், கோவில் சர்க்கரைப் பொங்கல் என எங்கும் இருக்கும். தர்ஷினியில் (பெங்களூரில் நின்றபடி சாப்பிடும் டிபன் கடை) ரவா இட்லி வாங்கினால் மேலே அரை முந்திரி பதித்திருப்பார்கள். அதைக் கிள்ளி எறிந்துவிட்டு இட்லியை ஊட்டலாம் என்று தோன்றும். வேண்டாம், முந்திரி பட்ட இட்லி முந்திரி இட்லிதான். வேர்க்கடலை சட்னியும் தேங்காயும் இதுவரை தொந்தரவில்லாமல் சாப்பிட்டிருந்தால் தொடரட்டும். வேர்க்கடலை பருப்பு வகை, முந்திரியின் உறவு இல்லை. பாதாம், அக்ரூட் இதுவரை சாப்பிட்டதில்லை என்றால் அலர்ஜி நிபுணரைப் பார்க்கும்வரை புதிதாக ஆரம்பிக்க வேண்டாம்.

இனி ஒருமுறை தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் காப்பாற்றும் மருந்து அட்ரினலின் ஒன்றுதான். அவில் தடிப்பையும் அரிப்பையும் குறைக்கும். மூச்சுத் திணறலையோ ரத்த அழுத்தம் சரிவதையோ நிறுத்தாது. ஓசூரில் அவில் போட்டதும் சரியானது என்கிறீர்கள். அந்தத் தடவை அது தானாகவே அடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். வெளிநாட்டில் இதற்கென்று பேனா மாதிரி ஊசி தருவார்கள், தொடையில் அழுத்தினால் மருந்து இறங்கிவிடும். நம் ஊர் மருந்துக்கடையில் அது எளிதில் கிடைப்பதில்லை. கிடைப்பது கண்ணாடிக் குப்பியில் வரும் சாதாரண அட்ரினலின், ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லி கணக்கு. உங்கள் மகனுக்கு 0.13 மில்லி. தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதியில், தசைக்குள் போட வேண்டும். இதைப் படித்துவிட்டு நீங்களாகவே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. உங்கள் குழந்தை நல மருத்துவரிடம் போய், அளவை எழுதி வாங்கி, ஒரு மில்லி சிரிஞ்சில் எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்று வெறும் தண்ணீரை வைத்து அவர் எதிரிலேயே பழகுங்கள். நீங்கள், உங்கள் கணவர், அம்மாயி மூவரும் பழக வேண்டும். எடை கூடும்போதெல்லாம் அளவும் மாறும்.

ஊசி போட்டதும் குழந்தையைப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்காரலாம், ஆனால் எழுந்து நடக்கவிட வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். டிராஃபிக்கைப் பார்த்தால் ஆட்டோ முந்தும் என்று தோன்றினால் அதில் போங்கள், ஆனால் ஊசியைப் போட்டுவிட்டுப் போங்கள். தேறிவிட்ட மாதிரி தெரிந்தாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டும், சிலருக்கு இரண்டாவது சுற்று வரும். பள்ளிக்கு ஒரு பக்கத் தாளில் இதை எழுதிக் கொடுங்கள். டீச்சருக்கு ஆங்கிலத்தில் ஒன்று, ஆயாவுக்குக் கன்னடத்தில் ஒன்று. பிறந்தநாள் கேக்கை வெட்டி வாயில் ஊட்டுகிறவர் பெரும்பாலும் ஆயாதான்.

சரி, இப்போது அந்தப் பதினெட்டு. இந்த டெஸ்ட் பார்ப்பது ரத்தத்தில் ஒரு உணவுக்கு எதிரான ஐஜிஇ இருக்கிறதா என்பதை மட்டும். இருந்தால் உடம்பு அந்த உணவை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்று பொருள், சாப்பிட்டால் தொந்தரவு வரும் என்று பொருள் இல்லை. கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு இப்படி வரிசையாக பாசிட்டிவ் வருவது சகஜம். மொத்த ஐஜிஇ 640 என்பதும் கரப்பானாலேயே ஏறும், வயிற்றுப் பூச்சியாலும் ஏறும். எந்த உணவைச் சாப்பிட்டு என்ன ஆனது என்ற கதையை முதலில் கேட்டுவிட்டு, சந்தேகமுள்ள ஒன்றிரண்டுக்கு மட்டும் டெஸ்ட் எழுதுவதுதான் முறை. நீங்கள் கதையில்லாமல் நேராக டெஸ்டுக்குப் போனதால், ஆபத்தில்லாத துவரம்பருப்பு வீட்டை விட்டுப் போயிற்று, ஆபத்தான முந்திரி தப்பித்துக்கொண்டது. (ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தைப் பார்ப்பதாகப் போட்டு நூறு, இருநூறு உணவுகளுக்கு விற்கிற பேக்கேஜ் இன்னும் மோசம். அது நீங்கள் என்ன சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதைத்தான் காட்டும். அதற்குக் காசு கொடுக்கவே வேண்டாம்.)

நான்கு வயதுப் பையனின் சராசரி எடை சுமார் 16 கிலோ. உங்கள் மகன் 13-இல் நிற்கிறான், அதுவும் கீழிறங்கி. கஞ்சியையும் கேரட்டையும் வைத்துக்கொண்டு வேறென்ன நடக்கும்? பருப்பு, வாழைப்பழம், தக்காளி, காய்கள் எல்லாம் முன்பு நன்றாகச் சாப்பிட்டவைதான் என்றால், ஒவ்வொன்றாகத் திரும்பத் தட்டுக்கு வரட்டும். பால், முட்டை, கோதுமை மூன்றிலும் மட்டும் அவசரப்பட வேண்டாம். கரப்பான் உள்ள குழந்தைக்கு இவற்றை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு மறுபடி கொடுக்கும்போது, முன்பு இல்லாத உடனடி அலர்ஜி சில சமயம் புதிதாக வரும். தேவையில்லாமல் நிறுத்தக் கூடாது என்று நாங்கள் கரடியாகக் கத்துவது இதனால்தான். முதல் வாயை மருத்துவர் முன்னிலையில், கிளினிக்கிலேயே கொடுத்துப் பார்த்துவிட்டு வீட்டில் தொடருங்கள்.

அடுத்து, எதிர்ப்பு சக்தி. பள்ளிக்குப் போகத் தொடங்கிய முதல் ஆண்டில் எட்டு முதல் பத்து முறை சளி பிடிப்பது ஆரோக்கியமான குழந்தைக்கும் நடப்பது. ஒவ்வொன்றும் ஒரு வாரம், பத்து நாள் நீளும், இருமல் இன்னும் ஓரிரு வாரம் இழுக்கும். கணக்குப் போட்டால் வருஷத்தில் பாதி நாள் மூக்கு ஒழுகுவது போலத் தெரியும். கூடவே உங்கள் மகனுக்கு மூக்கு அலர்ஜியும் இருப்பதால் சளி எங்கே முடிகிறது, அலர்ஜி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாமல், ஒவ்வொரு தும்மலும் ‘மறுபடி சளி’ ஆகிவிடுகிறது. அந்த நான்கு ஆன்டிபயாடிக்கில் எத்தனை தேவைப்பட்டது என்பது எனக்குச் சந்தேகம்தான். வைரஸ் சளிக்கும் அலர்ஜிக்கும் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

உண்மையான எதிர்ப்பு சக்திக் குறைபாடு வேறு முகம் காட்டும். ஒரே ஆண்டில் இரண்டு முறை நிமோனியா, நான்கு முறையோ அதற்கு மேலோ காதில் சீழ், ஆழமான கட்டிகள் திரும்பத் திரும்ப வருவது, ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் வெள்ளைப் பூஞ்சை போகாமலிருப்பது, இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் கேட்காமல் ஊசி வழியாக ஏற்ற வேண்டியிருப்பது, குடும்பத்தில் காரணம் தெரியாமல் கைக்குழந்தை இறந்திருப்பது, இவை எங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வைப்பவை. இவற்றில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. எடை குறைவதும் அந்த வரிசையில் உண்டு. ஆனால் உங்கள் மகன் எடை குறைந்ததற்குக் காரணம் தட்டிலேயே இருக்கிறது. உணவைத் திருப்பிக் கொடுத்து இரண்டு மூன்று மாதத்தில் எடை ஏறவில்லை என்றால் அப்போது என் பேச்சை மாற்றிக்கொள்வேன்.

சொந்தத்தில் கட்டியது பற்றி. தாய்மாமனைக் கட்டியதால் அலர்ஜி வந்தது என்பதில் பொருளில்லை. ஒரே ஆபீஸில் வேலை பார்த்துக் காதலித்துக் கட்டியவர்களின் பிள்ளைகளும் என் கிளினிக்கில் இதே தும்மலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் பிறவியிலேயே வரும் எதிர்ப்பு சக்திக் குறைபாடுகளில் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்தால் உண்டாகுபவை. நெருங்கிய உறவில் அந்த வாய்ப்பு கூடுகிறது, இதை மறைப்பதில் பயனில்லை. அக்கம்பக்கத்தாருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரிடம் மட்டும் இந்த உறவையும், இரு தலைமுறையில் சின்ன வயதில் இறந்த குழந்தைகள் உண்டா என்பதையும் தவறாமல் சொல்லுங்கள். அம்மாயிக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் குடும்பத்தை வைத்து, வெள்ளை அணு வகைகளைப் பிரித்துக் காட்டும் ரத்த எண்ணிக்கையும் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதங்களின் அளவும் ஒருமுறை பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. (இந்த ஐஜிஜி ரத்தத்தின் மொத்த அளவு, மேலே திட்டிய உணவு ஐஜிஜி இல்லை.) அளவை வயதுக்கேற்ற அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். பெரியவர்களின் அளவை அச்சடித்துக் குழந்தைக்குக் ‘குறைவு’ என்று காட்டும் ரிப்போர்ட்டுகள் வருவதுண்டு. அதில் நிஜமாகவே கோளாறு தெரிந்தால், நிம்ஹான்ஸ் மருத்துவமனை பக்கத்தில் இருக்கும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம் போன்ற பெரிய இடத்துக்குப் போகலாம். அதுவரை உங்கள் தெரு மருத்துவரே போதும். எதிர்ப்பு சக்தி சிரப்பை இன்றே நிறுத்துங்கள், அந்தக் காசுக்கு வாழைப்பழம் வாங்கலாம்.

நிறுத்துவது பற்றிப் பேசும்போதே அந்த இன்னொரு சிரப். மான்டெலுகாஸ்ட் சில குழந்தைகளுக்குக் கெட்ட கனவு, எரிச்சல், நடத்தை மாற்றம் கொண்டுவரும். இதற்காகவே 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்துக்குத் தன் உச்சபட்ச எச்சரிக்கையைப் போட்டது. வெறும் மூக்கு அலர்ஜிக்கு, வேறு மருந்து உதவாதபோது மட்டும் கொடுங்கள் என்றும் சொன்னது. நம் ஊரில் அது சளிக்கெல்லாம் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி எழுதப்படுகிறது. அலறல் சிரப் ஆரம்பித்த பிறகு வந்ததா என்று தேதியைப் பாருங்கள். அப்படியென்றால் நாளைக்கே மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள், படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து இல்லை அது. அம்மாயி சுற்றிப் போடட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. சுற்றிய மிளகாயை மட்டும் வீட்டுக்குள் அடுப்பில் போட வேண்டாம். அந்த நெடி இவன் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திச் சுருளும் ஊதுபத்தியும் அப்படியே. தலை குளித்ததும் சாம்பிராணி காட்டாவிட்டால் சளி பிடிக்கும் என்பார்கள்; இவனுக்குக் காட்டினால்தான் இருமல்.

அப்புறம் மூக்குக்கு என்ன மருந்து? உப்புத் தண்ணீர் சொட்டு, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே. ஸ்டீராய்டு என்றதும் முகம் மாறும், தெரியும். ஸ்ப்ரேயில் போவது மைக்ரோகிராம் கணக்கு, மூக்கோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அடிக்கும்போது நுனியை நடுத் தண்டைப் பார்த்து வைக்காமல், அந்தப் பக்கக் காதைப் பார்த்துச் சாய்த்து அடியுங்கள், இல்லையென்றால் ரத்தம் கசியும். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். ராத்திரி இருமல், ஓடி விளையாடினால் இருமல் என்பது ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். அப்படி முடிவானால் ஸ்பேசர் (மருந்தைப் பிடித்து வைத்து மெதுவாக உள்ளிழுக்க உதவும் குழாய்) வைத்த இன்ஹேலரை மறுக்காதீர்கள். ‘இன்ஹேலர் ஆரம்பித்தால் விடவே முடியாது’ என்பதற்கு ஆதாரமே இல்லை. குறட்டையும் வாயால் மூச்சும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையையும் பார்க்கச் சொல்கின்றன.

பெங்களூரு க்ளைமேட்டைத் திட்டாத தமிழர் இல்லை. மார்ச்சில் பூக்கிற அந்த இளஞ்சிவப்பு மரங்கள் மேல் பழி போடுவார்கள். பளிச்சென்ற பூக்களின் மகரந்தம் பூச்சிகள் தூக்கிப் போவது, காற்றில் அதிகம் பறக்காது. காலி மனையில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம், கட்டடத் தூசு, அதை விட முக்கியமாக உங்கள் மெத்தையிலும் தலையணையிலும் உள்ள தூசிப் பூச்சிதான் காலைத் தும்மலுக்குப் பெரும்பாலும் காரணம். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவையுங்கள். பால்கனியில் புறா கூடு கட்டினால் எடுத்துவிடுங்கள்.

கரப்பானுக்கு மருந்தை விட முக்கியம் தோலை வறளவிடாமல் இருப்பது. உங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் என்றால் சோப்பு சரியாக நுரைக்காமல் தோலிலேயே படிந்து, தோல் இன்னும் காய்ந்துவிடும். ஐந்து பத்து நிமிடம் வெதுவெதுப்பான குளியல், மென்மையான சோப்பு கொஞ்சம், துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே வாசனையில்லாத மாய்ஸ்சரைசரைத் தாராளமாக; அதன் பிறகு ராத்திரி ஒரு தடவை. தேங்காய் எண்ணெய் தடவினாலும் சரி. கடலை மாவு, பயத்தம் மாவு போட்டுத் தேய்க்க வேண்டாம். வெடித்த தோல் வழியாக உணவுப் பொருள் உள்ளே போவதும் புது அலர்ஜிக்கு ஒரு வழி என்று கருதப்படுகிறது. சிவந்து அரிக்கும் நாட்களில் மருத்துவர் சொன்ன மிதமான ஸ்டீராய்டு க்ரீமைப் போடுங்கள். பெரியவர் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால், அது பெரியவரின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து இரண்டு தடவை வைத்த அளவு இடத்துக்குப் போதும். மருந்துக்கடையில் ‘எல்லாப் புண்ணுக்கும்’ என்று தருகிற மூன்று மருந்து கலந்த க்ரீமை எடுத்துவராதீர்கள். அதில் பல சமயம் இருப்பது மிகக் கடுமையான ஸ்டீராய்டு, மாதக்கணக்கில் பூசினால் குழந்தைத் தோல் காகிதமாகிவிடும்.

அலர்ஜி நிபுணரிடம் போவது முந்திரிக்காக. அவர் முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து, ஒவ்வொரு சொட்டின் மேலும் லேசாகக் குத்திவிட்டு, பதினைந்து இருபது நிமிடம் கழித்து ஸ்கேல் வைத்து வீக்கத்தை அளப்பார். மூன்று மில்லிமீட்டராவது இருந்தால்தான் கணக்கு. அந்த அலர்ஜி சிரப் உடம்பில் இருந்தால் டெஸ்ட் பொய்யாக நெகட்டிவ் காட்டும். போன் செய்து கேட்டு, ஐந்து முதல் ஏழு நாளுக்கு முன்பே நிறுத்துங்கள். பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள், கிழித்துப் போட வேண்டாம்.

பூச்சி மருந்து பள்ளியிலோ அங்கன்வாடியிலோ கொடுத்தார்களா என்று பாருங்கள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாட்கள். விட்டுப்போயிருந்தால் மருத்துவரிடம் கேட்டு ஒரு அல்பெண்டசோல் கொடுத்துவிடலாம்.

தடுப்பூசியைத் தாராளமாகப் போடுங்கள். நான் பார்க்கச் சொன்ன அந்த ரத்தப் பரிசோதனையில் பெரிய கோளாறு எதுவும் வந்தால் மட்டும், எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஊசி) மாதிரி உயிருள்ள கிருமியால் செய்த ஊசிகளைப் பற்றி மருத்துவர் மறுபடி யோசிப்பார். முட்டை பாசிட்டிவ் என்பதால் எம்எம்ஆரையோ ஃப்ளூ ஊசியையோ தள்ளிப்போட வேண்டியதில்லை. ஃப்ளூ ஊசியை ஆண்டுதோறும், முடிந்தால் ஜூனில் பள்ளி திறக்கும் முன்பே போட்டுவிடுங்கள்.